பத்து நாள், 700 யூரோ: ஐரோப்பிய மருத்துவ முறைகளை எங்கே போய்ப் பார்ப்பது?

மஞ்சள்குடை:
ஜெர்மனியில், பீலெஃபெல்டில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். செப்டம்பரில் பத்து நாள் விடுமுறை, கையில் 700 யூரோ. நாட்டுக்கு நாடு மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று நேரில் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின் என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் விடுவார்களா?

ரைன்கரையான்:
விட மாட்டார்கள். விட்டாலும் கட்டில், திரை, டிரிப்ஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். பணம் கைமாறும் இடத்தைப் பாருங்கள்: மருந்துக்கடை கவுண்டர், டாக்டரின் மேசை.

லண்டனை அடித்துவிடுங்கள். ஜெர்மன் குடியிருப்பு அட்டை அங்கே செல்லாது. விசா, ரயில் என்று பாதிப் பணம் போய்விடும். அதற்குப் பதில் கேல் போங்கள். ஜெர்மன் எல்லையில் சின்ன ஊர். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர். 2017 முதல் ஸ்ட்ராஸ்பூர் டிராம் ரைன் பாலம் தாண்டி அங்கே வருகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியில், டாக்டரைப் பார்க்கக் காசில்லை. காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதும். சீட்டு மருந்துக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ. (2004 முதல் 2012 வரை டாக்டரிடமும் காலாண்டுக்கு 10 யூரோ வாங்கினார்கள். ஜனங்கள் திட்டித் தீர்த்ததில் எடுத்துவிட்டார்கள்.) அந்தப் பக்கம் போனால் முதலில் டாக்டருக்குக் காசு, பிறகுதான் அரசுக் காப்பீடு திருப்பித் தரும்.

இதில் ஒரு வேடிக்கை. பிரான்சில் பொதுவாகத் திரும்பி வருவது 70 சதவீதம். ஸ்ட்ராஸ்பூரில் வேலை செய்பவருக்கு 90. ஏன்? 1871 முதல் 1918 வரை ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க்கின் 1883 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அங்கேயும் நடைமுறையில் இருந்தது. ஊர் பிரான்சுக்குத் திரும்பியபோது தொழிலாளர்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் சம்பளத்தில் தனியாகக் கொஞ்சம் பிடித்து அந்தச் சலுகையைத் தருகிறார்கள். பாரிஸில் பத்து நாள் உட்கார்ந்தாலும் இது கண்ணில் படாது.

லாஷப்பல்_அக்கா:
பிள்ளை, பாரிஸை ஒரேயடியாக விட்டுவிடாதையும். நான் இங்கே இருபது வருசத்துக்கு மேல். கணக்குச் சொல்லுறன்: டாக்டருக்கு 30 யூரோ கட்டுவேன், என்ர பச்சைக் காப்பீட்டு அட்டையை மெசினில் செருகுவார். ஒரு கிழமைக்குள் வங்கியில் 19 வரும். அதாவது 70 சதவீதம் 21, அதில் 2 யூரோ கழிச்சு. மிச்சம் 9 எங்கட துணைக் காப்பீடு தரும். அந்த 2 யூரோ மட்டும் யாரும் தரமாட்டினம். உம்மட கட்டுரையில் அந்த 2 யூரோவை எழுதும்.

மஞ்சள்குடை:
நன்றி அக்கா! அப்போ கேல், ஸ்ட்ராஸ்பூர், பாரிஸ். ஆம்ஸ்டர்டாமும் வேண்டாமா?

ரைன்கரையான்:
வேண்டும், இரண்டு நாள் போதும். நெதர்லாந்தில் 2006 முதல் எல்லோரும் தனியார் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அடிப்படைக் காப்பீடு கேட்பவரை நிறுவனம் மறுக்க முடியாது. மருத்துவச் செலவில் ஆண்டுக்கு முதல் 385 யூரோ உங்கள் கையிலிருந்து. குடும்ப டாக்டரைப் பார்ப்பது அதில் சேராது. ஆனால் அவர் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை சேரும்! அங்கே யாரைக் கேட்டாலும் இந்த 385-ஐப் பற்றிப் புலம்புவார்கள், நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும்.

என் கதை ஒன்று. மாணவனாகப் போனபோது சனிக்கிழமை ராத்திரி காதுவலி. இரவு டாக்டர் மையத்தைத் தேடிப் போய் மணி அடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "முதலில் போன் செய்துவிட்டு வாருங்கள்" என்றார். மழையில் வாசலிலேயே நின்று நம்பரை அழுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் போன் அடித்தது. அதே பெண்தான் எடுத்தார். எங்கே வலிக்கிறது, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் பாராசிட்டமால் போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மஞ்சள்குடை:
கதவு?

ரைன்கரையான்:
திறக்கவே இல்லை.