புதுப்பிப்பு: பிச்சாவரம் கேக்கில் மரங்கள் நின்றுவிட்டன

மகனின் பிறந்தநாளுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடு போலக் கேக் செய்யப்போய், ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவு) வேர்கள் கடலூர்க் காற்றில் வியர்த்துச் சாய்ந்துவிட்டன என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? வழி பிறந்துவிட்டது.

சர்க்கரை ஈரத்தை இழுக்கும். இந்தப் புழுக்கத்தில் அதனுடன் மல்லுக்கட்டிப் பயனில்லை. டார்க் சாக்லேட்டை உருக்கி, கூம்புப் பையில் ஊற்றி, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீருக்குள் பிழிந்தேன். தண்ணீரைத் தொட்டவுடன் கோணல்மாணலாக இறுகியது. சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தைத் தாங்கி நிற்கும் முட்டுவேர் அப்படியே வந்துவிட்டது! துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, தண்டில் உருகிய சாக்லேட்டால் ஒட்டினேன். தண்டுக்கு முதலில் கைமுறுக்கை அடுக்கிப் பார்த்தேன், உடைந்தது. பொரியைச் சாக்லேட்டில் பிசைந்து உருட்டியதுதான் தாங்கியது. இலைக்குப் பச்சை நிறம் சேர்த்த கேக் தூள்.

"தில்லை மரம் எங்கேம்மா?" என்றார் சிதம்பரத்து மாமனார். அதற்கு முட்டுவேர் கிடையாது மாமா, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன்.

34 டிகிரியில் சாக்லேட்டும் உருகிவிடும். அதனால் கடைசி நிமிடம் வரை மரங்கள் குளிர்பெட்டியில்தான் இருந்தன. மெழுகுவர்த்தி பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் குனிந்தது. அதைத்தான் முதலில் தின்றோம்.