முப்பந்தல் காற்றில் ஹைட்ரஜன்: நிக்கல் தாங்குமா?

ஆரல்_கணவாய்:
தென்மேற்குக் காற்று ஊதித் தள்ளும் மாதங்களில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது நமக்குப் புதிதல்ல. வீணாகும் அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாமே என்றால், “இரிடியம் என்ன விலை தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இரிடியம் என்ற அந்த அரிய உலோகம், அமிலச் சவ்வு வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் கலத்துக்குத்தான் வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓடும் காரக் கலத்துக்கு நிக்கல் மின்முனை போதும்.

குளச்சல்_கரை:
போதும், எத்தனை நாளைக்கு? காரக் கலத்தைத் திடீரென்று நிறுத்தினால் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாயும். ஹைட்ரஜன் பக்கத்து நிக்கல் ஆக்ஸைடாகும். நாளுக்கு நாலு தடவை விழுந்து எழும் காற்றுக்கு இது ஆகாது மக்கா. குறைந்த மின்சாரத்தில் ஓட்டினாலும் தொல்லை. கலத்தின் நடுத் தடுப்பைத் தாண்டி ஹைட்ரஜன் ஆக்ஸிஜன் பக்கம் கசியும். 4 சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கும் கலவை.

ஆரல்_கணவாய்:
நிற்கும் நேரத்தில் சிறிய காப்பு மின்னோட்டம் கொடுத்தால் முதல் பிரச்சினை அடங்கும். அதற்கு ஒரு பேட்டரி போதும்.

வடசேரி_வேதியியல்:
இருவருமே நிக்கலைப் பற்றிப் பேசுகிறீர்கள், வேலை செய்வதில் பாதி இரும்பு. காரத்தில் கலந்திருக்கும் துளி இரும்பு நிக்கல் ஆக்ஸைடில் ஏறினால் ஆக்ஸிஜன் வெளியேறுவது எளிதாகிறது என்று ஆய்வாளர் கோரிகன் 1987-இலேயே காட்டினார். 2014-இல் போட்சர் ஆய்வுக் குழு இரும்பை நீக்கிய காரத்தில் சோதித்தபோது, வெறும் நிக்கல் மோசமான வினையூக்கி என்று தெரிந்தது. அதற்கு முன் நிக்கலுக்குப் போன பாராட்டில் எவ்வளவு இரும்புடையதோ! நிக்கல் பேட்டரிக்காரர்களுக்கு இதே இரும்பு எதிரி. சார்ஜ் ஏறவேண்டிய மின்சாரத்தை ஆக்ஸிஜனாக விரயம் செய்யும். நமக்கு அந்தக் குணம்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஓட ஓட இரும்பு கரைந்து வெளியேறும்.

மணவாளக்குறிச்சி_மணல்:
கடல் பக்கத்தில் இருக்கிறதே, நேரே கடல்நீரை ஊற்றினால் என்ன?

வடசேரி_வேதியியல்:
குளோரைடு நிக்கலை அரிக்கும். காரத்தில் ஆக்ஸிஜன் வினை தொடங்கும் மின்னழுத்தத்துக்கும் குளோரின் வினை தொடங்கும் மின்னழுத்தத்துக்கும் இடையே சுமார் 0.48 வோல்ட் இடைவெளி உண்டு. அதைத் தாண்டினால் குளோரின் சேர்மமும் உருவாகலாம். அதைவிட நன்னீராக்கிவிடலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வினைக்கு 9 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட 50 யூனிட் மின்சாரம். அந்த 9 லிட்டரைச் சுத்திகரிக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

குளச்சல்_கரை:
வேதியியல் சரி சார், கணக்கு? காற்று மாதங்களில் மட்டும் ஓடும் ஆலை மற்ற மாதம் சும்மா கிடக்கும். கடன் வட்டி சும்மா கிடக்குமா?

ஆரல்_கணவாய்:
அண்ணே, சும்மா கிடக்கப்போகிற இயந்திரத்தில் இரிடியத்தைப் போடுவதா, நிக்கலைப் போடுவதா?

குளச்சல்_கரை:
நான் எதையும் போடச் சொல்லவில்லை. ஆயிரம் தடவை நிறுத்தி ஓட்டிய பிறகு, அதே வேலைக்குக் கலம் கேட்கும் மின்னழுத்தம் எவ்வளவு ஏறியது என்று ஒரு அளவீடு காட்டுங்கள், பேசலாம்.