பைத்தான்: ரீப்ளேஸ் பண்ணும்போது வின்எரர் 32, ஃபைலைப் பிடிச்சு வச்சிருக்கிறது யாருன்னு தெரியல

மண்ணடி_கோடர்:
வணக்கம். மண்ணடியில ஒரு ஹார்டுவேர் கடைக்கு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருக்கேன். விண்டோஸ் மெஷின். கடை திறந்ததுல இருந்து ஷட்டர் போடுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை, அந்த அரை மணியில வித்த சரக்கை டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து 'விற்பனை.டெம்ப்' ஃபைல்ல எழுதி, க்ளோஸ் பண்ணி, ஓஎஸ் ரீப்ளேஸ் மூலமா 'விற்பனை.சிஎஸ்வி' மேல மாத்திடும்.

பல நாள் ஒழுங்கா ஓடுது. சில நாள் திடீர்னு ரீப்ளேஸ் வரியில பெர்மிஷன் எரர், வின்எரர் 32: வேற ப்ராசஸ் இந்த ஃபைலை யூஸ் பண்ணுதாம். அதுக்கப்புறம் ஒவ்வொரு ரன்னும் அதே கதை. ஸ்கிரிப்டை நிறுத்தி மறுபடி ஓட்டினா சரியாயிடுது. டெம்ப் ஃபைலைத் திறக்கவும் எழுதவும் தடையே இல்ல, ரீப்ளேஸ்ல மட்டும்தான் மாட்டுது. வீட்டு உபுண்டுவில ஒரு தடவைகூட வரல. ஃபைலைப் பூட்டுற லாக் எதுவும் நான் போடவே இல்லையே?

வேளச்சேரி_வாசி:
ஆன்டிவைரஸா இருக்கும் ப்ரோ. ரெண்டு செகண்ட் ஸ்லீப் போட்டு நாலஞ்சு தடவை ட்ரை பண்ணுங்க, போயிடும்.

பழைய_டெர்மினல்:
ஸ்கிரிப்டை ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுதுன்னா ஆன்டிவைரஸ் மேல பழி போடாதீங்க. தம்பி, அடுத்த தடவை மாட்டும்போது ரிசோர்ஸ் மானிட்டரைத் திற. சிபியு டேப்ல அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்னு ஒரு தேடல் பெட்டி இருக்கும், அதுல ஃபைல் பேரை அடி. யார் பிடிச்சிருக்காங்கன்னு காட்டும். கூடவே உன் ட்ரை, எக்ஸெப்ட் பகுதியில என்ன இருக்குன்னு சொல்லு.

மண்ணடி_கோடர்:
அண்ணா, பார்த்தேன். பைத்தான் தான். பிஐடியும் (ப்ராசஸ் நம்பர்) என் ஸ்கிரிப்டோடதே!
ட்ரைக்குள்ள: ஓப்பன், ஃபார் லூப்ல ஒவ்வொரு வரியா ரைட், கடைசியில க்ளோஸ், அப்புறம் ரீப்ளேஸ். எக்ஸெப்ட்ல வர்ற எக்ஸெப்ஷனை அப்படியே 'பிழைகள்'னு ஒரு லிஸ்ட்ல அப்பெண்ட் பண்ணுவேன், ராத்திரி மொத்தமா மெயில் போகும்.

பழைய_டெர்மினல்:
அந்த லிஸ்ட்தான் ஆள்.

லூப் நடுவுல எரர் வந்தா க்ளோஸ் வரிக்குப் போகவே மாட்ட, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. வழக்கமா சிபைத்தான்ல (நாம எல்லாரும் ஓட்டுற சாதா பைத்தான்) இது தப்பிச்சுடும்: ஃபங்க்ஷன் முடிஞ்சதும் ஃபைல் ஆப்ஜெக்டுக்கு ரெஃபரன்ஸ் பூஜ்யமாகி தானா மூடிக்கும். ஆனா பைத்தான் 3-ல ஒவ்வொரு எக்ஸெப்ஷனும் தன்னோட ட்ரேஸ்பேக்கை, அதாவது எரர் எந்த வழியா வந்ததுங்கிற பதிவைச் சுமக்குது. ட்ரேஸ்பேக் அந்த ஃபங்க்ஷன் ஓடின ஃபிரேமைப் பிடிக்கும், ஃபிரேம் அதுல இருக்கிற லோக்கல் வேரியபிள் அத்தனையும் பிடிக்கும், உன் ஃபைல் ஆப்ஜெக்ட் உட்பட. நீ எக்ஸெப்ஷனை லிஸ்ட்ல வச்சிருக்கிற வரைக்கும் அந்த ஃபைல் மூடாது.

திறக்க முடியுது, ரீப்ளேஸ் முடியலன்னியே, அதுவும் இதனாலதான். விண்டோஸ்ல பைத்தானோட ஓப்பன், மத்தவங்க படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுக்கும்; அழிக்கவோ பேர் மாத்தவோ கொடுக்காது. லினக்ஸ்ல பேர் மாத்துறது டைரக்டரியில இருக்கிற என்ட்ரியை மட்டும்தான் தொடும், திறந்திருக்கிற ஃபைலைப் பத்தி அதுக்குக் கவலையே இல்ல. உபுண்டுவில லூப் நடுவுல எரர் வந்திருந்தாலும் ஃபைல் மூடாமத்தான் கிடந்திருக்கும், உனக்குத் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு: அந்தப் பழைய ஹேண்டில் (மூடாமக் கிடக்கிற ஃபைலோட பிடி) எப்பவாவது மூடும்போது, டிஸ்க்குக்குப் போகாம பஃபர்ல தங்கினதை அப்பத்தான் எழுதும். நீ புதுசா எழுதின ஃபைல் மேலயே எழுதிடும். எரர் வந்ததுக்கு சந்தோஷப்படு.

வேளச்சேரி_வாசி:
அப்ப டெல் போட்டு ஜிசி கலெக்ட் (பைத்தானோட மெமரி குப்பை அள்ளுறது) கூப்பிட்டா போதாதா?

பழைய_டெர்மினல்:
போதாது. லிஸ்ட் நிஜமாவே பிடிச்சிருக்கு, அது குப்பையே இல்ல, ஜிசி எதை அள்ளும்?

ஓப்பனை வித் ஸ்டேட்மென்ட்ல போடு, தம்பி. பைத்தான் 2.5-லயே வந்தது. எரர் வந்தாலும் வராட்டியும் பிளாக்கை விட்டு வெளியே வரும்போது மூடிடும். ரீப்ளேஸ் வரி வித் பிளாக்குக்கு வெளியில இருக்கணும்; உள்ள வச்சா விண்டோஸ்ல தினமும் 32 தான். லிஸ்ட்ல எக்ஸெப்ஷனைப் போடாத, ட்ரேஸ்பேக் மாட்யூல்ல ஃபார்மட் எக்ஸ்சினு இருக்கு, அது தர்ற ஸ்ட்ரிங்கைப் போடு.

தரமணி_டெவ்:
நடுவுல ஒரு சந்தேகம். நாங்க லினக்ஸ்ல ஃபைலைப் பூட்ட எஃப்லாக் யூஸ் பண்றோம். ப்ராசஸை கில் மைனஸ் 9-ல கொன்னா லாக் நிக்குமா?

பழைய_டெர்மினல்:
நிக்காது, கெர்னல் ஃபைலை மூடும்போது லாக்கும் போயிடும். ஆனா அந்த ப்ராசஸ் ஃபோர்க் பண்ணி உருவாக்கின சைல்ட் ப்ராசஸ், திறந்த ஃபைலோட அதே டிஸ்க்ரிப்டரை வச்சுக்கிட்டு உயிரோட இருந்தா லாக்கும் இருக்கும். வெறும் '.லாக்'னு காலி ஃபைல் உருவாக்கி அதையே பூட்டா நினைக்கிறவங்களுக்குத்தான் கில் பண்ணா சிக்கல், அந்த ஃபைல் அங்கயே கிடக்கும்.

மண்ணடி_கோடர்:
அண்ணா, மாத்திட்டேன், 32 போச்சு. ராத்திரி மெயில்ல முதல் எரர் யூனிகோட் என்கோட். பில்லிங்ல புதுசா வந்த பொண்ணு சில ஐட்டத்தைத் தமிழ்லயே அடிச்சிருக்கு, 'தாழ்ப்பாள் 6 இன்ச்'னு. அது வித்த அரை மணியிலதான் லூப் உடைஞ்சிருக்கு.
இப்ப வேற ஒண்ணு, எப்பவாவது ரீப்ளேஸ்ல வின்எரர் 5 வருது.

பழைய_டெர்மினல்:
அந்த மெஷின்ல டிஃபால்ட் என்கோடிங் சிபி1252 ஆ (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய விண்டோஸ் என்கோடிங்) இருக்கும், அதுல தமிழும் இல்ல, ₹ குறியும் இல்ல. ஓப்பன்ல என்கோடிங் யுடிஎஃப்-8-சிக்னு கொடு, எக்செல்லும் சரியாக் காட்டும்.

5 வந்தா இந்தத் தடவை டெம்ப் பக்கம் பார்க்காத, சிஎஸ்வி பக்கம் பாரு. கணக்குப்பிள்ளை எக்செல்ல திறந்து வச்சிருக்காரா?

மண்ணடி_கோடர்:
ஆமா, சாப்பிடப் போகும்போதும் மூட மாட்டார்.

பழைய_டெர்மினல்:
அப்ப ரீட்ரை போட்டும் பிரயோஜனமில்ல. ஃபைல் பேர்ல மணியைச் சேர்த்து ஒவ்வொரு அரை மணிக்கும் தனி சிஎஸ்வியா எழுது, அவர் எதையாவது திறந்து வச்சுக்கட்டும்.