மூடுன கேட் அறை, கைகாட்டி மரம்: திரும்பவும் சிமென்ட் பூசலாமா?

மூடுன_கேட்:
வடசென்னையில எங்க பகுதிக்குள்ள நுழையுற இடத்துல, சுரங்கப்பாதை வந்த பிறகு மூடின லெவல் கிராசிங் ஒண்ணு இருக்கு. மிச்சம் நிக்கிறது மூணு. கேட்கீப்பர் இருந்த செங்கல் அறை (10க்கு 10 அடி, மேல மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டை மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை), ஒரு கைகாட்டி மரம் (பேருதான் மரம், இரும்பு சிக்னல் கம்பம்), பழைய தண்டவாளத்த நட்டு வச்ச வேலி. ஞாயிற்றுக்கிழமைகள்ல இலவசமா உழைக்க 12 பேர் தயார்.

அறையோட சுவர்ல கீழ் 3 அடிக்கு எப்பவோ சிமென்ட் பூசியிருக்காங்க. அதுக்கு மேல உப்பு பூத்து, செங்கல் பொடிப்பொடியா உதிருது. ஒரு மூலையில அரசங்கன்று, தண்டு கட்டைவிரல் தடிமன். கைகாட்டியோட அடிப்பக்கம் தரையை ஒட்டி துரு தின்னு ஓட்டை விழுந்திருக்கு. மழைக்கு முன்னாடி மேல் வரைக்கும் சிமென்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடலாம்னு பாதிப்பேர் சொல்றாங்க. கைகாட்டிக்கு மஞ்சள் அடிச்சு லைட் போடலாம்னு இன்னொரு யோசனை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பாயிண்ட்ஸ்மேன்:
கடுதாசியில இருந்து ஆரம்பிங்க. லைன் ஓடுதா, அது ரயில்வே நிலமா? ரெண்டுக்கும் ஆமான்னா, சென்னை கோட்ட மேலாளர் அலுவலகத்துல எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காம உள்ள கால் வைக்கக் கூடாது. 1989 ரயில்வே சட்டம் பிரிவு 147 படி அத்துமீறி நுழைஞ்சா ஆறு மாசம் வரை சிறை, இல்ல 1,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். வேலியில இருந்து கழண்டு விழுந்த போல்ட்டை "பத்திரப்படுத்த" வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது தனிக் குற்றம். அதுக்கு 1966ல இருந்தே வேற சட்டம் இருக்கு. விண்ணப்பத்தோட நாலு பக்கமும் எடுத்த படம், அளவு போட்ட வரைபடம், செய்யப்போற வேலை, செய்யவே போகாத வேலை எல்லாத்தையும் வைங்க. அந்தக் கடைசிப் பட்டியல்தான் இன்ஜினியருக்கு நம்பிக்கை தரும்.

அடுத்தது மின்சாரம். மேல போற கம்பியில 25 கிலோவோல்ட். தொட வேண்டியதே இல்ல, நெருங்கினாலே தாவும். ஆளோ, கையில இருக்கிற பொருளோ 2 மீட்டருக்குள்ள போகக் கூடாது. பெயிண்ட் ரோலருக்கு மாட்டுற நீளமான அலுமினியக் கழி, அலுமினிய ஏணி, இரும்பு டேப் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். சாரம் சவுக்குக் கழியிலதான் கட்டணும். ஈரக் கழியிலயும் கரண்ட் பாயும், அதனால 2 மீட்டர் கணக்கு அதுக்கும் உண்டு. கைகாட்டி மரம் அந்த எல்லைக்குள்ள வந்தா, ரயில்வே ஆள் மின்சாரத்தை நிறுத்தி எழுதிக் கொடுத்த நேரத்துல மட்டும்தான் வேலை.

கிளிஞ்சல்:
மழைக்கு முன்னாடி பூச்சு வேலையே செய்யாதீங்க. சிமென்ட் மட்டுமில்ல, சுண்ணாம்பும் வேண்டாம்.

சுவருக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. தரையில இருந்து ஏறுற ஓதம் முன்னாடி சுண்ணாம்புக் காரை வழியா வெளிய வந்து காத்துல காஞ்சுது. கீழ 3 அடியை சிமென்ட் அடைச்சதும் தண்ணி வழி தேடி இன்னும் மேல ஏறி, சிமென்ட் முடியுற இடத்துல வெளிய வருது. தண்ணி ஆவியாகும், உப்பு செங்கலுக்குள்ளயே தங்கி படிகமாகும், படிகம் பெருத்து செங்கலோட முகத்தைத் தள்ளும். மேல் வரைக்கும் சிமென்ட் பூசினா இதே கூத்து கூரைக் கட்டைக்குப் பக்கத்துல நடக்கும், தேக்கு முனை உளுத்துப் போகும்.

இப்போ செய்யக்கூடியது தண்ணியைத் திருப்பறது மட்டும்தான். நம்ம பக்கம் ரோடு மேல ரோடு போட்டு, பழைய கட்டடமெல்லாம் பள்ளத்துக்குள்ள போயிருக்கும். அறையைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள் தரையைவிட 15 செ.மீ. கீழ கொண்டு வாங்க. 40க்கு 1 சரிவு வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். கூரைத் தண்ணி விழுற குழாயில சருகு அடைச்சிருக்கும், அதை எடுங்க. இது மட்டுமே பாதி வைத்தியம்.

அரசங்கன்றைப் பிடுங்காதீங்க, வேரோட பத்து செங்கல் வரும். சுவரை ஒட்டி அறுத்து, வெட்டுவாயில உடனே களைக்கொல்லி தடவணும். கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லியை 2022ல இருந்து பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவங்க மூலமாதான் பயன்படுத்தலாம், அதனால அவங்களையே கூப்பிடுங்க. வேர் செத்துச் சுருங்கின பிறகு தானா வர்றதை மட்டும் எடுத்து, பொந்துல சுண்ணாம்புக் கூழ் ஊத்தணும்.

சிமென்டை ஜனவரியில உரிங்க. தட்டிப் பார்த்து டொக்குன்னு சத்தம் வர்ற இடத்துல ஆரம்பிச்சு, சின்ன உளி, சின்ன சுத்தியல். கிரைண்டர் கூடவே கூடாது. எங்க சிமென்டோட செங்கல் முகமும் பேந்து வருதோ அங்க நிறுத்துங்க, அந்தத் துண்டு இருந்துட்டுப் போகட்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால தட்டி முறத்துல அள்ளணும். தண்ணி அடிச்சுக் கழுவினா உப்பு திரும்ப உள்ளதான் போகும். அப்புறம் செய்தித்தாளை நல்ல தண்ணியில ஊறவச்சு கூழாக்கி 2 செ.மீ. கனத்துக்கு அப்புங்க. காஞ்சு தானா விட்டு வரும்போது உப்பையும் இழுத்துட்டு வரும். ரெண்டு மூணு தடவை.

மூடுன_கேட்:
சுண்ணாம்பு கலவைக்கு அளவு? கடைப் பாக்கெட் சுண்ணாம்பு போதுமா? கடுக்காய், வெல்லம் கட்டாயமா?

கிளிஞ்சல்:
வெள்ளையடிக்க விக்கிற பாக்கெட் தூள் பெரும்பாலும் காத்துப்பட்டு செத்துப் போனது. பழவேற்காடு பக்கத்து கிளிஞ்சல்ல சுட்ட சுண்ணாம்பு கிடைச்சா நல்லது. டிரம்முல முதல்ல தண்ணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு. மாத்திப் போட்டா கொதிச்சு முகத்துல தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாதவங்க தள்ளி நிக்கட்டும். வலையில வடிகட்டி, மேல ரெண்டு அங்குலம் தண்ணி நிக்க, குறைஞ்சது 15 நாள் ஊறணும். நீங்க இப்பவே ஊறப்போட்டா ஜனவரிக்குள்ள வெண்ணெய் மாதிரி ஆகிடும். மழைக்காலத்துக்கு இதுதான் சரியான வேலை.

செங்கல் இணைப்புக்கு 1 பங்கு ஊறின சுண்ணாம்பு விழுது, 3 பங்கு மணல். ஓதம் ஏறுற கீழ்ப்பகுதிக்கு 1 விழுது, 1 சுர்க்கி (செங்கல் தூள்), 2 மணல். காத்து படாத ஈரத்துலயும் அதை இறுகவைக்கிறது சுர்க்கி. அதுக்கு அரைவேக்காட்டுச் செங்கலை இடிக்கணும், கருகின செங்கல் உதவாது. கடல் மணல் வேண்டாம், உப்புத் தட்டுற போர் தண்ணியும் வேண்டாம். குழைக்க, நனைக்க எல்லாத்துக்கும் மெட்ரோ வாட்டர்.

பழைய இணைப்பை அதோட அகலத்துக்கு ரெண்டு மடங்கு ஆழம், சுமார் 25 மி.மீ., சுரண்டி எடுங்க. 10க்கு 9 அடி சுவர் ஒண்ணுக்கு சேதாரம் சேர்த்து 50 லிட்டர் கலவை வரும். அதாவது 16 லிட்டர் விழுது, 48 லிட்டர் மணல். மணல் இடுக்குக்குள்ள விழுது போயிடும், அதனால கூட்டினா 64 வராது. இறுகலா இருக்குன்னு தண்ணி ஊத்தாம, கட்டையால இடிச்சா இளகிடும். சுவரை முந்தின நாளே நனைச்சு வச்சு, கலவையை அழுத்தித் திணிச்சு, மேல ஈரச் சாக்கு 7 முதல் 10 நாள். வெயில்ல வேகமா காஞ்சா மாவா உதிரும்.

கடுக்காயும் வெல்லமும் கட்டாயமில்ல. வெல்லம் கூடினா இறுகாம பிசுபிசுன்னு நிக்கும், எறும்பும் வரும். வேணும்னா ஒரு சதுர அடியில பூசி மூணு வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

துருவேட்டை:
இரும்பு பத்தி. அடி ஓட்டையான மரத்துல ஏணி சாய்க்காதீங்க, யாரையும் ஏத்தாதீங்க. முதல்ல தூக்குக் குண்டு விட்டு சாய்வு பாருங்க. அடியை வெட்டி புதுத் துண்டு சேர்க்கிறது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. நீங்க செய்யலாம்கிறது, மண்ணை விலக்கி தண்ணி தேங்காம வச்சிருக்கிறது.

பழைய பெயிண்டுக்கு அடியில ஆரஞ்சுச் சிவப்பா வந்தா அது ஈயம்னே வச்சுக்கோங்க. உலர்வா தேய்க்கிறது, சூடு காட்டி உரிக்கிறது ரெண்டும் ஆகாது. நனைச்சுச் சுரண்டி, கீழ பிளாஸ்டிக் விரிச்சு, விழுந்ததை மூட்டை கட்டி தனியா ஒப்படைக்கணும். பசங்களை இந்த வேலையில சேர்க்காதீங்க.

துரு எடுத்ததும் நல்ல தண்ணியில கழுவுங்க. கடல் காத்து கொண்டுவந்த உப்பு மேல பெயிண்ட் அடிச்சா ஆறே மாசத்துல கொப்புளம். கழுவின தண்ணியில சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டா வெள்ளையா கலங்கும் வரைக்கும் உப்பு மிச்சமிருக்கு. கழுவறதுக்கு எடுத்த தண்ணியை முதல்ல சோதிங்க, குழாய்த் தண்ணியே கொஞ்சம் கலங்கும். காஞ்ச நாலு மணி நேரத்துக்குள்ள ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் ஏறிடணும். காலையில பத்து மணிக்கு முன்னாடி இரும்புல பனி ஈரம் இருக்கும், அப்போ தொடாதீங்க. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா பழைய இரும்புதான் அரிக்கும், கால்வனைஸ் போதும்.

இன்னொண்ணு. வார்ப்பிரும்பு பாகங்களைச் சுத்தியலால அடிச்சா வளையாது, உடையும்.

பழைய_டோக்கன்:
மஞ்சளை யார் சொன்னது? கைகாட்டியோட கை முனை நேரா வெட்டியிருந்தா அது ஸ்டாப் சிக்னல். முன்பக்கம் சிவப்புல வெள்ளைப் பட்டை, பின்பக்கம் வெள்ளையில கறுப்புப் பட்டை. முனை மீன்வால் மாதிரி வெட்டியிருந்தாலும் அவசரப்படாதீங்க. கை கீழ இறங்குற பழைய முறையில வார்னரும் (அடுத்த சிக்னலை முன்கூட்டியே சொல்றது) சிவப்புதான். மஞ்சள் மீன்வால், கை மேல ஏறுற முறையில அதே வேலை செய்யுற டிஸ்டன்ட் சிக்னலுக்கு. சந்தேகமா இருந்தா ஒரு ஓரத்துல பெயிண்டை அடுக்கடுக்கா சுரண்டிப் பாருங்க.

லைட் வேண்டவே வேண்டாம். ஓடுற லைன்ல இருந்து தெரியுற சிவப்பும் பச்சையும் டிரைவரைக் குழப்பும். பயன்பாட்டுல இல்லாத சிக்னல்ல ரெண்டு பட்டையைக் குறுக்கா அடிக்கணும், ஒவ்வொண்ணும் 1 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலத்துக்குக் குறையாம. எரியவும் கூடாதுன்னுதான் விதி. அந்தக் குறுக்குப் பட்டை இருந்தா கழட்டாதீங்க, அதுவும் வரலாறுதான். பச்சைக் கண்ணாடி நீலமா தெரியுதேன்னு மாத்திடவும் வேண்டாம். மண்ணெண்ணெய் விளக்கோட மஞ்சள் சுடர் பின்னாடி இருந்தாதான் அது பச்சையா தெரியும்.

வேலித் தண்டவாளத்தோட இடைத்தட்டுல (தலைக்கும் அடிக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய பகுதி) வருஷம், தயாரிப்பாளர் பேர் புடைப்பா இருக்கும். தாள் வச்சு சாக்கட்டியால தேய்ச்சா படியும். அந்த வருஷம் தண்டவாளம் உருட்டினது, வேலி நட்டது இல்ல. கழிச்சுப் போட்டதைத்தான் வேலிக்கு நடுவாங்க.

பலகை வச்சா ஒரு தப்பைத் தவிருங்க. ராயபுரம் "இந்தியாவின் முதல் ஸ்டேஷன்" இல்ல. பம்பாய் - தாணே பயணிகள் ரயில் 1853. ராயபுரத்துல இருந்து ஆற்காடு பக்கம் ஓடினது 1856 ஜூலை 1. ராயபுரத்தோட பெருமை, அந்தக் கட்டடம் இன்னும் நிக்கிறதுதான்.

மூடுன_கேட்:
பெயிண்ட் டின் வாங்கலை. மண்வெட்டி நாலு, டிரம் ரெண்டு, மனு ஒண்ணு. மெட்ராஸ் டெரஸ்ல ஒரு இடத்துல விரிசல் இருக்கு, மழை முடியுற வரைக்கும் என்ன செய்ய?

கிளிஞ்சல்:
தார்ப்பாய். ஆனா கூரையை ஒட்டிப் போடாம, நடுவுல கழி வச்சுத் தூக்கி, நாலு பக்கமும் காத்து போற மாதிரி கட்டுங்க. உள்ள போய் உத்திரக் கட்டை சுவர்ல சொருகியிருக்கிற முனையை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. அரை அங்குலத்துக்கு மேல இறங்கினா அந்தக் கட்டைக்கு முட்டுக் கொடுக்காம யாரும் மேல ஏறக் கூடாது.