பழைய கணினியின் தமிழ்க் கோப்புகளைப் புதிய மடிக்கணினிக்கு மாற்றுவது பற்றி

கெடிலக்கரை (கேள்வி):

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தட்டச்சும் ஒளியச்சும் செய்து தரும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கடையின் மேசைக் கணினி விண்டோஸ் 7-இல் இயங்குகிறது. இப்போது அடிக்கடி தானாக நின்றுவிடுவதால் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி ஒன்று வாங்கியிருக்கிறேன். பழைய கணினியில் ஏறத்தாழ 200 ஜி.பி. அளவுக்குக் கோப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை வானவில் அவ்வையார், பாமினி ஆகிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கிரயப் பத்திர வரைவுகளும் மனுக்களும். மற்றவை பேஜ்மேக்கரில் அமைத்த திருமண அழைப்பிதழ்கள், வருடிய ஆவணங்கள், டேலியில் உள்ள கடைக் கணக்கு. மடிக்கணினி வாங்கிய கடையிலேயே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் இருப்பதால் வெளியாரிடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. பென் டிரைவில் சிறிது சிறிதாக எடுத்துச் செல்வது நல்லதா, வேறு வழி உண்டா? புதிய கணினியில் தமிழ் எழுத்துகள் அப்படியே தெரியுமா?

வில்லியனூர் வாசி:

வணக்கம் ஐயா. இவ்வளவு கோப்புகளுக்குப் பென் டிரைவ் ஏற்றதன்று. எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது விரைவில் குழம்பிவிடும். போதாததற்கு, ஃபேட் 32 முறையில் வடிவமைத்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்றுக்கொள்ளாது.

பழைய கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, சாட்டா எனப்படும் டிஸ்க் இணைப்பை யு.எஸ்.பி.க்கு மாற்றும் இணைப்பி ஒன்றின் வழியாக மடிக்கணினியில் நேரடியாகச் செருகிவிடுவதே என் கருத்தில் சிறந்த வழி. மேசைக் கணினியின் டிஸ்க் 3.5 அங்குல வகையைச் சேர்ந்தது என்பதால், அதற்கு 12 வோல்ட் மின்சாரம் தரும் தனி அடாப்டரும் சேர்ந்து வரும் இணைப்பியையே கேட்டு வாங்குங்கள்; யு.எஸ்.பி. கம்பி தரும் 5 வோல்ட் மட்டும் அந்த டிஸ்கைச் சுழற்றப் போதாது. மடிக்கணினியின் யு.எஸ்.பி. 3.0 துளையில் செருகினால் டிஸ்கின் முழு வேகமும் கிடைக்கும். பழைய கணினியின் யு.எஸ்.பி. 2.0 துளை வழியாக எடுத்தால் நொடிக்கு 30 எம்.பி. அளவைத் தாண்டுவது அரிது. லேன் கம்பியால் இரண்டையும் இணைக்கலாம் என்றாலும், பழைய கணினியின் நெட்வொர்க் அட்டை 100 எம்.பி.பி.எஸ். வகையாக இருந்தால் நொடிக்கு 11 எம்.பி. அளவே கிடைக்கும், 200 ஜி.பி.க்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

நகலெடுக்கும்போது வழக்கமான நகல்-ஒட்டு முறையைவிட, விண்டோஸில் உள்ளடங்கி வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை நம்பகமானது. எதை எடுத்தது, எதை எடுக்க முடியவில்லை என்பதைப் பதிவேடாக எழுதித் தரும். ஆனால் மறுமுயற்சி எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது படிக்க முடியாத ஒரே கோப்பில் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 நொடி காத்திருந்து, முயன்றுகொண்டேயிருக்கும்! இறுதியில் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: புதிய விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகிய கோப்புறைகள் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுடன் இணைந்திருக்கக்கூடும். அங்கே கொட்டினால் இலவசமாகத் தரப்படும் 5 ஜி.பி. உடனே நிரம்பிவிடும்; வாடிக்கையாளர் ஆவணங்களும் இணையத்துக்குப் போய்ச் சேரும். சி டிரைவில் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதில் வையுங்கள்.

புதுவை ஒளியச்சு:

வில்லியனூர் நண்பர் சொன்ன முறை சரியானதே. ஆனால் டிஸ்கை உடனே கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நெல்லித்தோப்பில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய கணினி உயிரோடு இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் சில உள்ளன, அவற்றை முடித்த பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும்.

முதலாவது எழுத்துரு. வானவில், பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. எனவே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பத்திரம் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அஞ்சிவிடுகிறார்கள். கெடவில்லை, உடை மட்டும் இல்லை. பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும், இன்று பயன்படுத்தாதவற்றையும் சேர்த்து, தனியாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இருவேறு பதிப்புகள் இணையத்தில் உலவுவதால், உங்கள் கணினியில் இருந்த அதே கோப்பே வேண்டும். மடிக்கணினியில் நிறுவும்போது வலப்பக்கச் சொடுக்கில் வரும் ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுக’ என்ற தெரிவையே எடுங்கள். சாதாரணமாக நிறுவினால் அது அந்தப் பயனர் கணக்குக்கு மட்டும் உரியதாகிவிடும். பழைய மென்பொருள்கள் சில அதைக் கண்டுகொள்வதில்லை. தட்டச்சு மென்பொருளையும் மறக்க வேண்டாம், விரல் பழகிய விசைப்பலகை இல்லாமல் எழுத்துரு மட்டும் இருந்து என்ன பயன்?

இரண்டாவது, பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதே வகைப் பக்க வடிவமைப்புக்கான இன்டிசைன் மென்பொருளின் சி.எஸ். 6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தன; அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. ஆகவே மீண்டும் தேவைப்படக்கூடிய அழைப்பிதழ்களைப் பழைய கணினியிலேயே திறந்து, மெய்நிகர் அச்சுப்பொறி வழியாகப் பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு பி.டி.எஃப். கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும் என்பதால் எந்தக் கணினியிலும் அப்படியே அச்சாகும். எல்லாவற்றையும் மாற்ற முயன்றால் முடியாது. பத்திரங்களில் மாதிரிகளாகப் பயன்படுபவற்றையும், அழைப்பிதழ்களில் அடுத்த முகூர்த்தத்துக்கு உதவும் வடிவங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

கெடிலக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய பத்திர வரைவுகள் அனைத்தையும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு ஒரேயடியாக மாற்றிவிட்டால் எழுத்துருச் சிக்கலே இராது அல்லவா? டேலியைப் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுவை ஒளியச்சு:

மாற்றலாம், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உள்ளன. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டதால், இனிப் புதிதாகத் தட்டச்சு செய்வதெல்லாம் யூனிகோடில் இருப்பதே முறை. கோப்புக்குள் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கும் என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம். ஆனால் பழைய பத்திரங்களை மொத்தமாக மாற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இக்கருவிகள் உரையை மட்டும் பார்க்கின்றன, எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பத்திரத்தின் நடுவே ஆங்கிலத்தில் உள்ள வங்கிப் பெயரும் முகவரியும் பொருளற்ற தமிழாகிவிடும். வேர்டில் அமைத்த அட்டவணையும் பத்தி அமைப்பும் ஒட்டும்போது கலைந்துவிடும். புல எண்ணும் நான்கெல்லையும் அடங்கிய ஆவணத்தில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒரு மாதிரி மீண்டும் தேவைப்படும் நாளில் அதை மட்டும் மாற்றி, வரிவரியாகச் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள்.

சில்வர் பீச்:

டேலி பற்றி: கணக்குத் தரவு கோப்புறையை நகலெடுப்பது எளிது, உரிமம்தான் பழைய கணினியோடு பிணைந்திருக்கிறது. பழைய கணினியை இணையத்தில் இணைத்து, டேலிக்குள்ளிருந்தே உரிமத்தை ஒப்படைத்துவிட்டு, பிறகு மடிக்கணினியில் அதைச் செயல்படுத்த வேண்டும். அதற்கு முன் பேக்கப் எடுப்பது கட்டாயம். பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்பான டேலி பிரைமுக்குப் போவதாக இருந்தால், தரவை மாற்றும் வேலையை மூலத்தின் நகலில் செய்யுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் இதே வகைதான். குரோமில் அவை உங்கள் விண்டோஸ் கணக்கைக் கொண்டு பூட்டப்பட்டிருப்பதால், கோப்புறையை மட்டும் எடுத்துச் சென்றால் திறக்காது. பழைய கணினியிலேயே ஏற்றுமதி செய்துகொண்டு, புதியதில் சேர்த்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

கடலூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், 2011 டிசம்பரில் தானே புயல் வந்ததையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊரில், மடிக்கணினியையும் அதன் நகலையும் ஒரே கடையில் வைப்பது நகல் வைக்காததற்குச் சமம். வெளிப்புற டிஸ்க் ஒன்றில் இன்னொரு நகல் எடுத்து வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள்.

பழைய டிஸ்கைச் சில மாதங்களாவது அழிக்காமல் வைத்திருங்கள். விட்டுப்போனது எது என்பது யாரேனும் பழைய பத்திரத்தைக் கேட்டு வரும்போதுதான் தெரியும். பிறகு அதை விற்பதாகவோ எடைக்குப் போடுவதாகவோ இருந்தால், கோப்புகளை நீக்கி மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது, மீட்டெடுக்கும் மென்பொருள்கள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். டிஸ்கை மடிக்கணினியில் செருகி, விரைவு வடிவமைப்பு என்ற குறியை எடுத்துவிட்டு முழு வடிவமைப்பு செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ்களில் முழு வடிவமைப்பு அந்தப் பகுதி முழுவதையும் சுழியங்களால் நிரப்புகிறது. டிஸ்கில் இரண்டு மூன்று பகுதிகள் பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். செருகியுள்ள டிஸ்க் எது, மடிக்கணினியின் சொந்த டிரைவ் எது என்பதை அளவையும் பெயரையும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்குங்கள்.