சூளைப் பிள்ளைகளின் வாசிப்பு வகுப்புக்கு நிதி: வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். பெற்றோரோடு ஊர் மாறுவதால் பள்ளியில் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ அடிப்படைக் கல்வித் திட்டம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘பட்டம்’ என்பதை ‘படடம்’ என்று வாசிக்கிறது. புள்ளி கண்ணிலேயே படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

புத்தகத்துக்குக் கவலையில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சடிக்கவும் அனுமதி உண்டு. இடிப்பது சொல்லிக்கொடுக்கும் அக்காக்களின் மாதத் தொகைதான். பை, நோட்டு என்றால் நன்கொடையாளர்கள் உடனே தருகிறார்கள் (போட்டோவில் நன்றாக விழும் போல!), சம்பளம் என்றால் யோசிக்கிறார்கள்.

எங்கள் அறக்கட்டளைக்கு வரிச்சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் இருக்கிறது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதிக்கு 3 வருடச் செயல்பாடு காட்ட வேண்டும்; எங்களுக்கு இன்னும் ஆகவில்லை. அதுவரை சிறு தொகை தரும் குடும்ப அறக்கட்டளைகள், ரோட்டரி சங்கங்கள் ஏதாவது தெரியுமா? நிதி விண்ணப்பம் எழுதிப் பழகியவர்கள் எங்கள் வரைவைப் பார்த்துத் திருத்தித் தந்தாலும் பெரிய உதவி. தை பிறந்தால் சூளை சூடுபிடித்துவிடும், அதற்குள் அனுப்பியாக வேண்டும். இன்பாக்ஸுக்கு வாருங்கள், வரவுசெலவுக் கணக்கையும் அனுப்புகிறேன்.