டீன் பதவியா, ஆபரேஷன் தியேட்டரா? பெங்களூரு சர்ஜன்கள் வழி சொல்லுங்க

பனசங்கரி_சர்ஜன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 49. சொந்த ஊர் விருதுநகர். எம்பிபிஎஸ் மதுரையில படிச்சேன், எம்எஸ் இங்க பெங்களூருல. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தோட மருத்துவக் கல்லூரியில ஜெனரல் சர்ஜரி புரொபசரா இருக்கேன், நாலு வருஷமா ஹெச்ஓடி (துறைத் தலைவர்). பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன்தான் என் கை பழகின வேலை. செவ்வாயும் வெள்ளியும் எனக்குத் தியேட்டர் நாள்.

போன வாரம் நிர்வாகத்துல கூப்பிட்டு, டீனா, அதாவது கல்லூரி முதல்வரா வாங்கன்னாங்க. நல்லாப் போனா அடுத்து இணைத் துணைவேந்தர்னு பேச்சு. யோசிக்கப் பத்து நாள் கொடுத்திருக்காங்க.

எனக்கு இதுல ஆசை இருக்கு, அதை மறைக்க விரும்பலை. ரெண்டு வருஷம் முன்னாடி வேற டிபார்ட்மென்ட் பிஜி (மேற்படிப்பு) பையன் ஒருத்தன் 36 மணி நேரம் தொடர்ந்து டூட்டி பார்த்துட்டு, எங்க வார்டு வாசல்லயே மயங்கி விழுந்தான். நான்தான் தூக்கி உட்கார வெச்சேன். என் யூனிட் டூட்டி ரோஸ்டரை அன்னிக்கே மாத்திட்டேன். ஆனா பக்கத்து டிபார்ட்மென்ட் ரோஸ்டர்ல நான் ஒரு வரிகூட மாத்த முடியாது. டீன் நினைச்சா கல்லூரி முழுக்க மாத்தலாம். அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

இன்னொரு பக்கம் என் கை. மலக்குடலைச் சுத்தியிருக்கிற கொழுப்பு உறையைக் கிழியாம, நரம்பு அறுபடாம பிரிச்சு எடுக்கக் கத்துக்க எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். "கத்தியை வெச்சுட்டுக் கையெழுத்துப் போடப் போறியாம்மா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

ரெண்டும் சேர்ந்து நடத்த முடியுமா? நடத்தினவங்க இருந்தா, எப்படின்னு விவரமாச் சொல்லுங்க.

---

மல்லேஸ்வரம்_பெரியவர்

அம்மா, நான் 71 வயசு சர்ஜன். ஒன்பது வருஷம் பிரின்சிபலா இருந்தேன், அப்புறம் ஒரு பல்கலைக்கழக சிண்டிகேட்ல (நிர்வாகக் குழு) மூணு வருஷம். ரெண்டும் சேர்ந்து நடத்த முடியும். ஆனா நீங்க இப்போ பண்ற ஆபரேஷன்களை வெச்சுக்கிட்டு முடியாது. ஏன்னு சொல்றேன்.

பிரின்சிபலான முதல் வருஷம் நானும் தியேட்டரை விடலை. ஒரு திங்கக்கிழமை 58 வயசு ஆள் ஒருத்தருக்கு மலக்குடல் கட்டியை எடுத்துட்டுக் குடலைச் சேர்த்து இணைச்சேன். ரத்த ஓட்டம் நல்லா இருந்தது, தையல்ல இழுவை இல்லை, காத்து அடிச்சுப் பார்த்தப்பவும் கசிவில்லை. மலம் வெளியேற வயித்துல தற்காலிகத் துளை வேண்டாம்னு முடிவு பண்ணினேன். வெள்ளிக்கிழமை சீட் எண்ணிக்கை விஷயமா டெல்லியில ஒரு விசாரணை, பிரின்சிபல் நேர்ல வந்தே ஆகணும்னு கடிதம் வந்திருந்தது. போனேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இணைப்பு கசியறது பெரும்பாலும் அஞ்சாம் நாள், ஆறாம் நாள்தான். அவருக்கும் அப்படித்தான் ஆச்சு. காய்ச்சல், நாடித்துடிப்பு 120, வயிறு கல்லு மாதிரி. என் அசோசியேட் ராத்திரி பதினோரு மணிக்கு வயித்தைத் திறந்து கழுவி, துளை வெச்சுக் காப்பாத்தினார். நான் சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். ஐசியூ வாசல்ல அவர் மகன் நின்னுட்டிருந்தான். "நீங்கதானே சார் ஆபரேஷன் பண்ணீங்க?"ன்னு கேட்டான். திட்டலை, கத்தலை. அவ்வளவுதான் கேட்டான்.

அந்த மாசத்தோட குடல் இணைக்கிற ஆபரேஷனை நிறுத்தினேன். குடலிறக்கம், பித்தப்பை, தைராய்டு, மார்பகம் இதெல்லாம் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பண்ணினேன். சிக்கல் வந்தா முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே பெரும்பாலும் தெரிஞ்சுடும், அது வரைக்கும் ஊர்ல இருக்கற மாதிரி நாள் பார்த்துக்கலாம். டீன் வேலை எந்த நாள் எங்க இழுக்கும்னு சொல்ல முடியாது. அதனால ஒரு ஆபரேஷனை வெச்சுக்கலாமா விடலாமான்னு முடிவு பண்ணும்போது, அஞ்சாம் நாள் நீங்க அந்தப் படுக்கைப் பக்கத்துல இருப்பீங்களான்னு மட்டும் பாருங்க.

இதைப் படிச்சு மனசு தளர வேண்டாம். ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் மகப்பேறு மருத்துவர். சென்னை மருத்துவக் கல்லூரி முதல்வரா இருந்தவர், 1942-ல இருந்து 1969 வரைக்கும் 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இங்க பெங்களூருல இருக்கிற நமக்கு அவரோட இரட்டைச் சகோதரரையும் தெரியும், மைசூர் திவானா இருந்த ராமசாமி முதலியார். எங்க தலைமுறைக்கு, டாக்டர் ஒருத்தர் பல்கலைக்கழகத்தை நடத்தலாம்ங்கிற எண்ணமே லட்சுமணசுவாமியைப் பார்த்து வந்ததுதான்.

---

கோப்பு_மேசை

நான் டாக்டர் இல்லை மேடம். பல்கலைக்கழக அலுவலகத்துல 22 வருஷம், முதல்ல தேர்வுப் பிரிவு, இப்போ அகாடமிக் பிரிவு. என் மேசைக்கு அந்தப் பக்கம் மூணு சர்ஜன்கள் டீனா உட்கார்ந்து பார்த்திருக்கேன்.

முதல்ல தகுதி. என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) விதிப்படி டீன் பதவிக்கு அசோசியேட் புரொபசர், புரொபசரா சேர்த்துப் பத்து வருஷ அனுபவம் வேணும், அதுல அஞ்சு வருஷமாவது புரொபசரா. அது உங்களுக்கு இருக்கும். துணைவேந்தர்னா யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி வரும். பல்கலைக்கழகத்துல பத்து வருஷம் புரொபசர், இல்லைன்னா பேர் பெற்ற ஆராய்ச்சி, கல்வி நிர்வாக அமைப்புல பத்து வருஷம். கூடவே கல்வித் தலைமைக்கு ஆதாரம் கேட்பாங்க. தேடல் குழு மூணுல இருந்து அஞ்சு பேர் பட்டியல் கொடுக்கும். அந்த ஆதாரம்ங்கிற இடத்துலதான் நல்ல சர்ஜன்களோட விண்ணப்பம் மெலிஞ்சு போகுது. ஆபரேஷன் எண்ணிக்கையைப் பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க. பாடத்திட்டம், தேர்வுச் சீர்திருத்தம், ஆராய்ச்சி நிதி பத்தி நாலு வரிதான் இருக்கும். பின்னால அந்தப் பக்கம் போற எண்ணம் இருந்தா, டீனா உட்கார்ற முதல் நாள்ல இருந்தே நீங்க மாத்தினதைத் தேதியோட குறிச்சு வையுங்க.

ரெண்டாவது, வேகம். தியேட்டர்ல "கிளாம்ப்"னு சொன்னா கைக்கு வருது. இங்க ஒரு தேர்வு முறையை மாத்தணும்னா டிபார்ட்மென்ட், போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு), அகாடமிக் கவுன்சில் (கல்விக் குழு), அதுக்கு மேல ஒரு குழு. ஆறு மாசத்துல முடிஞ்சா சீக்கிரம். நான் பார்த்த மூணு பேர்ல ஒருத்தர் இதைத் தாங்க மாட்டாம வாய்மொழி உத்தரவாவே நடத்தினார். மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்பு) எதுவும் ஏறலை. அவர் போனதும் அவர் செஞ்ச நல்லதெல்லாம் ஒரே வாரத்துல பழையபடி ஆயிடுச்சு. நீங்க சொன்ன பிஜி ரோஸ்டர் விஷயத்தை அகாடமிக் கவுன்சில்ல தீர்மானமா வையுங்க. அடுத்த டீனால அதை ஒரு ஃபோன்ல மாத்த முடியாது.

கன்னடம் பேச வரும்னு நினைக்கிறேன். எழுதப் படிக்கவும் கத்துக்குங்க. அரசாங்கத்துல இருந்து வர்ற கடிதம் நிறைய கன்னடத்துலதான் இருக்கும். மொழிபெயர்க்கிற ஆள் விடுமுறைன்னா கோப்பு நிக்கும்.

---

மயக்கமருந்து_அக்கா

தலைமாட்டுல நின்னு பார்க்கிற ஆளா ஒண்ணு சொல்றேன். டீனா இருந்த ஒரு சர்ஜனுக்கு நான் வருஷக்கணக்கா அனஸ்தீசியா கொடுத்தேன். கை அருமையான கை. ஆனா நோயாளிக்கு டியூப் போட்டு முடிச்சு நாங்க காத்திருப்போம், அவர் கை கழுவுற இடத்துல ஃபோன் பேசிட்டு இருப்பார். ஒரு நாள் நாப்பது நிமிஷம். நோயாளி என் மருந்துல தூங்கறார், எதுக்குன்னு அவருக்குத் தெரியாது.

தியேட்டர் நாள்ல உங்க ஃபோனை பி.ஏ. கையில கொடுத்துட்டு வாங்க மேடம். நீங்க உள்ள வந்து நோயாளியோட பேசின பிறகுதான் நாங்க மருந்து கொடுப்போம்னு உங்க அனஸ்தீசியா டீம்கிட்ட முன்னாடியே பேசி வையுங்க. அந்த ஒழுங்கு வராதுன்னு தோணினா, தயவுசெஞ்சு தியேட்டரை முழுசா விட்டுடுங்க.

---

ஹோசூர்ரோடு_லேப்

எனக்கு மாத்துக் கருத்து. 49 வயசுல ஒரு மலக்குடல் சர்ஜன் உச்சத்துல இருக்கீங்க. டீன் நாற்காலிக்கு 56-லயும் போகலாம். எங்க சீனியர் ஒருத்தர் மூணு வருஷம் நிர்வாகத்துல இருந்துட்டுத் திரும்பி வந்தார். லேப்ராஸ்கோபியில (சின்னத் துளை வழி ஆபரேஷன்) தையல் போட மறுபடியும் டிரெயினர் பாக்ஸ்ல (பயிற்சிப் பெட்டி) மாசக்கணக்கா உட்கார்ந்தார். திரும்பிட்டார்தான், ஆனா சிக்கலான கேஸை அவரே அடுத்தவங்களுக்கு அனுப்ப ஆரம்பிச்சார்.

எம்.எஸ். வலியத்தானைப் பாருங்க. இதய சர்ஜன். 1974-ல இருந்து ஏறக்குறைய இருபது வருஷம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தைக் கட்டினார். செயற்கை வால்வுல முதல் மூணு மாதிரியும் தோத்து, நாலாவதுல ஜெயிச்சு, 1990 டிசம்பர்ல இந்தியாவுலயே செஞ்ச இதய வால்வை முதல் நோயாளிக்கு வெச்சாங்க. மணிபால் பல்கலைக்கழகத் துணைவேந்தரா அவர் போனது 1993-ல, ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது வயசுல. கைவேலையில செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சுட்டுப் போனார்.

---

பனசங்கரி_சர்ஜன்

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா இதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

ஹோசூர்ரோடு சார் சொன்னதுதான் ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது. 56 வரைக்கும் காத்திருந்தா ஏழு பேட்ச் பிஜி பசங்க அதே ரோஸ்டர்ல போவாங்க. அதை என்னால ஒத்துக்க முடியலை.

நேத்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை தியேட்டர் எனக்குன்னு நியமன உத்தரவுலயே இருக்கணும், அன்னிக்கு மீட்டிங் கிடையாது. பிஜி டூட்டி நேரம் முதல் அகாடமிக் கவுன்சில் அஜெண்டாவுல வரணும். முதலாவதுக்கு உடனே சரின்னாங்க. ரெண்டாவதுக்குப் பேசலாம்னாங்க. எழுத்துல வரட்டும்னு நான் இன்னும் கையெழுத்துப் போடலை.

பெரியவரே, நீங்க சொன்ன அஞ்சாம் நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மலக்குடல் ஆபரேஷனை விடுறேன். என் யூனிட்ல ஒரு பொண்ணு இருக்கா, கூடலூர்க்காரி, நிதானமான கை. மூணு வருஷமா எனக்கு எதிர்ப்பக்கம் நின்னு உதவி பண்றா. வர்ற வெள்ளிக்கிழமை ஒரு கேஸ் இருக்கு. அவ வலது பக்கம், ஆபரேஷன் பண்றவங்க இடத்துல நிக்கப் போறா, நான் உதவிக்கு இடது பக்கம். இன்னிக்குக் காலையில ரவுண்ட்ஸ் முடிஞ்சு சொன்னேன். "அஞ்சாம் நாள் நான் ஊர்லதான் இருப்பேன் மேடம்"னா. இந்த இழையை அவளும் படிச்சிருக்கா போல.